குட்டியானை நுழையாத சந்து

“தாத்தா, இன்னொரு தடவ கேட்லருந்து வாங்களேன். செல்லுல சரியா விழல” என்று அந்த வீட்டுப் பெண் கேட்டாள்.

கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டிருந்தவர் வயிற்றில் கட்டியிருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் தெருவுக்கு வந்தார். புகை மெஷினை மறுபடியும் போட்டார்கள். பசுமலைக் குன்றின் அடிவாரத்தில் புதிதாகக் கட்டிய வீடு. கிரானைட் படிகளில் வெள்ளைப் புகை முழங்கால் உயரத்துக்கு ஏறியது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தைக்கும் இந்தப் புகைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற ஆள் நான் இல்லை.

நான் வண்டியில் இருந்தேன். குட்டியானை என்று ஊரே சொல்கிற சின்ன லோடு வண்டி. அதன் மேல் கண்ணைப் பறிக்கும் நட்சத்திரம், இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர், பின்னால் ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டர் ஆடாமல் பிடித்துக்கொள்வதுதான் எனக்குக் கொடுத்திருந்த வேலை. ஆடினால் ஸ்பீக்கர் கரகரக்குமாம்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மதினி.

“தம்பி, எங்கன இருக்கீக?”

“பசுமலைதான் மதினி.”

“இன்னும் பசுமலையா? வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வாரோம்னு சொன்னீகளே. பாண்டியண்ணன் வாசல்ல வந்து நிக்கிறாரு. தறிய எப்ப நிப்பாட்டன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?”

“கெளம்பிருவோம் மதினி.”

தாத்தா கேட்டுக்குள் நுழைந்து ஆடினார். அந்தப் பெண் செல்போனைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“இப்ப புகை அதிகமாயிருச்சு. தாத்தாவையே காணோம்.”

தறி நிற்கப்போகும் சந்து

கேரல் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிசம்பர் மாதம் எங்கள் சபையின் பாடகர் குழு வீடு வீடாகப் போகும். வாசலில் நின்று ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம். வீட்டுக்காரர்கள் காபியோ முறுக்கோ கொடுப்பார்கள். சபைக்குக் காணிக்கை போடுவார்கள். அவ்வளவுதான் கேரல். அவ்வளவாகத்தான் இருந்தது.

எஸ்தர் மதினி, இறந்துபோன என் அண்ணனின் மனைவி. செல்லூரில், விசைத்தறிகள் நிறைந்த ஒரு சந்தில், ஒற்றை அறை வீடு. பக்கத்து வீட்டுப் பாண்டியண்ணனின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது மதினியின் தொழில். அந்தச் சந்தில் தறிகள் காலையில் தொடங்கினால் சாப்பாட்டு நேரம் தவிர நிற்காது. அதனால் அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள். மதினி சாதாரணமாக “சாப்பிட்டீகளா” என்று கேட்டாலே வெளியூர்க்காரர்கள் சண்டை என்று நினைப்பார்கள். சபைக் கோயிலில் அவர் பாடினால் ஆர்மோனியம் கேட்காது. பாடகர் குழுவில் சேர்க்காததற்கு அதுதான் காரணம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருடம் மழைக்காலத்தில், குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் விரிசல். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குப் போக முடியாது. நானும் என் மனைவியும் பார்க்கப் போனபோது, “உங்களுக்கு என்ன வேணும் மதினி, சேலை எடுக்கட்டுமா?” என்று என் மனைவி கேட்டாள்.

“சேலை கெடக்கு பெட்டியில. கட்டிக்கிட்டு எங்க போகப் போறேன்? கேரல மட்டும் இங்கிட்டு வரச் சொல்லுங்க. அது போதும்.”

போதும் என்று அவர் சொன்னதை அப்படியே பெரிய துறவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தச் சந்தில் கிறிஸ்தவ வீடு அவருடையது ஒன்றுதான். ஐயப்பன் பூஜைக்குப் பந்தல் போடுகிறார்கள், நோன்புக்கு எதிர்வீட்டிலிருந்து கஞ்சி வருகிறது. தன் வீட்டுக்கும் பத்துப் பேர் வந்து நின்று பாடவேண்டும், அதைச் சந்தே பார்க்கவேண்டும் என்று மதினிக்கு ஆசை. முந்தைய வருடங்களில் கேரல் அந்தப் பக்கம் போகும்போது தறிச் சத்தத்தில் பாட்டு எடுபடாமலே போய்விடும். இந்த முறை பாண்டியண்ணனிடம் பேசிவிட்டார். அவர் மற்றத் தறிக்காரர்களிடம் பேசியிருந்தார். கேரல் வருகிற நேரம் சந்தில் ஒரு தறியும் ஓடாது. நூல் பெட்டிகளை எல்லாம் ஓரமாக அடுக்கிவிட்டார்கள். பைக்குகளைக்கூட வெளியே நிறுத்திவிட்டார்கள்.

தறி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஓடுகிற தறியை வேண்டுமென்றே நிறுத்துவது என்றால் என்ன என்று. நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. தங்களுடையதல்லாத ஒரு பண்டிகைக்காக அதைச் செய்ய ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நாங்கள் புகையின் அளவு சரியில்லை என்று நின்றுகொண்டிருந்தோம்.

நட்சத்திரக் கம்பு

முன்பெல்லாம் நான் ஜெனரேட்டர் பிடிக்கிற ஆள் இல்லை. வாலிபத்திலிருந்து கேரலில் நட்சத்திரம் தூக்குவது என் வேலை. மூங்கில் கம்பின் நுனியில் காகித நட்சத்திரம், உள்ளே ஒரு பல்பு, இடுப்பில் பேட்டரி. எல்லோருக்கும் முன்னால் நடக்க வேண்டும். ஆனால் எல்லோரும் மேலே நட்சத்திரத்தைத்தான் பார்ப்பார்கள், தூக்குகிறவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். பாடவும் வேண்டியதில்லை, கை வலிக்கிறது என்று சொல்லிவிடலாம். என்னைப் போல நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்குகிறவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

அந்தக் காலம் பொற்காலம் என்று எழுத வரவில்லை. நடந்து நடந்து கால் வீங்கும். ஒரு பக்கம் தபேலா ஓடும், ஒரு பக்கம் பாட்டு ஓடும். எந்த வீட்டில் அதிரசம், எந்த வீட்டில் வெறும் பொட்டுக்கடலை என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்தாற்போல் பாட்டைச் சுருக்குவார்கள். ஒரு முறுக்குத் தட்டுக்காக இரண்டு பேர் ஒரு வருடம் பேசாமல் இருந்தார்கள். ஆனால் எந்தச் சந்துக்குள்ளும் போக முடிந்தது. காலுக்கு எவ்வளவு அகலம் வேண்டும்?

காகித நட்சத்திரம் வாங்குவது பழைய நகரத்துக்குள் ஒரு பாய் கடையில். பல வருடமாக அவரிடம்தான். ஒரு டிசம்பரில் வீட்டுக்குப் பெரிய நட்சத்திரம் வாங்கப் போனேன்.

“ஏன் தம்பி, போன வருஷம் வாங்குனது கிழிஞ்சிருச்சா?” என்றார் பாய்.

“நல்லாத்தான் இருக்கு பாய். பக்கத்து வீட்ல பெருசாக் கட்டிட்டாங்க. வீட்ல ஒரே நச்சரிப்பு.”

“அல்லா உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும். என் யாவாரமே அவராலதான் ஓடுது” என்று சொல்லிவிட்டு, உயரத்தில் கட்டியிருந்த இன்னும் பெரிய ஒன்றைக் காட்டினார். “எதுக்கும் இதையே எடுத்துக்கங்க. அவரு அடுத்த வருஷம் இதத்தான் வாங்குவாரு.”

வாங்கினேன். சும்மா எழுதுகிறேனே தவிர, நானும் விதிவிலக்கில்லை.

ஆனால் சில வருடங்களாக எங்கள் சபையில் நடப்பது வேறு. கேரலுக்கு வண்டி வந்தது. வண்டி வந்ததும் உபயதாரர் வந்தார். கப்பலூரில் பிளாஸ்டிக் குழாய் கம்பெனி வைத்திருப்பவர். உபயதாரர் வந்ததும் எங்கள் எல்லோருக்கும் சிவப்பு பனியன் வந்தது. முன்னால் நட்சத்திரம், முதுகில் குழாய் கம்பெனியின் பெயர். பிளெக்ஸில் குழந்தை இயேசு உள்ளங்கை அளவு, உபயதாரர் குடும்பத்தோடு ஆள் அளவு.

பாட்டும் மாறியது. முன்னால் எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம். இப்போது பென் டிரைவில் இசை வருகிறது, செல்போனில் வரிகள் வருகின்றன, மைக்கில் இரண்டு பேர் பாடுகிறார்கள், மீதிப் பேர் கை தட்டுகிறோம்.

மதினி விழுந்த அந்த வருட டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ‘போதும் என்ற மனது’ பற்றிப் பிரசங்கம் செய்தார். நன்றாகவே செய்தார். என் கண்கூடக் கலங்கியது. பிரசங்கம் முடிந்த கையோடு அறிவிப்பு வாசித்தார்கள்: இந்த வருடம் கேரலுக்குப் புதிய ஸ்பீக்கர், புதிய விளக்குகள், புகை மெஷின், உபயம் இன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பிரசங்கத்துக்கு யாரும் தட்டவில்லை.

கேக்கைக் கொடுத்துவிடுங்கள்

புகை ஒருவழியாகச் சரியாக வந்தது. அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்தினாள். கிளம்பிவிடுவோம் என்று நினைத்தேன். உள்ளே இலை போடுகிற சத்தம் கேட்டது. அது உபயதாரரின் வீடு என்பதும், பிரியாணி ஏற்பாடு என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கேரல் செயலாளர் டேவிட்ராஜ் நல்ல பையன்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். ஓடியாடி வேலை செய்வான். அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். கூப்பிட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“தம்பி, செல்லூர் என்னாச்சு?”

“செல்லூரா? அண்ணே, நேத்து நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்ணே. அந்தச் சந்துக்குள்ள வண்டி நுழையாது.”

“வண்டி எதுக்கு? மெயின் ரோட்ல நிப்பாட்டிட்டு நாலு பேர் நடந்து வந்தாப் போதும்.”

“நடந்து வந்து? ட்ராக் இல்லாம எப்படிண்ணே பாடுறது? மைக் கிடையாது, லைட் கிடையாது. சப்புன்னு இருக்கும்ணே. அக்காவுக்கே பிடிக்காது.”

“அவங்க கேட்டதே அம்புட்டுத்தான்.”

“அண்ணே, சாப்பிடாமக் கெளம்புனா சார் வருத்தப்படுவாரு. வண்டியே அவரு குடுத்தது. கொஞ்சம் பொறுங்க, முடிஞ்சா அந்தப் பக்கம் போகும்போது பாப்போம்.”

“அங்க தறிய நிப்பாட்டப் போறாங்க தம்பி.”

“தறியவா? எதுக்கு?”

அவனுக்குப் புரியவைக்கிற அளவுக்கு எனக்குப் பேச வரவில்லை. முகத்தைப் பார்த்தானோ என்னவோ, உள்ளே ஓடிப்போய் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தான். ரிப்பன் கட்டிய பெரிய கேக் பெட்டி. மேலே தங்க எழுத்தில் குழாய் கம்பெனியின் வாழ்த்து.

“இதை அக்காகிட்டக் குடுத்துருங்கண்ணே. ரிச் பிளம். அக்கா சந்தோஷப்பட்டுருவாங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்கிப் பழகிய கை. “ஜெனரேட்டர யாராவது பிடிச்சுக்கங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பண்டிகைக் கூட்டம். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. முதுகில் குழாய் விளம்பரம், கையில் ரிப்பன் பெட்டி. ஓர் அம்மா, “கேக் என்ன வெல தம்பி?” என்று கேட்டார். விற்பனைக்கு இல்லை என்றேன். “அப்ப எதுக்கு பனியன் போட்டுக்கிட்டு வாரீங்க?” என்று அவர் கோபித்துக்கொண்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. கீழே வைகையில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. மதினிக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வண்டி ரிப்பேர் என்று சொல்லலாம். ஐயருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். கேக்கை முதலில் நீட்டிவிட்டு, பிறகு மெதுவாகச் சொல்லலாம். போன் மறுபடியும் அதிர்ந்தது. எடுக்கவில்லை.

சத்தமில்லாத செல்லூர்

ஆட்டோவை விட்டு இறங்கியதும் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. அந்தச் சந்தை நான் கண்ணால் கண்டுபிடித்ததில்லை, காதால்தான். தடக் தடக் என்ற சத்தம் எங்கே நெஞ்சில் இடிக்கிறதோ அங்கே திரும்பவேண்டும். அன்று சத்தமே இல்லை. சாக்கடையில் தண்ணீர் ஓடுவது கேட்டது. ஏதோ ஒரு வீட்டில் தாளிக்கிற ஓசை கேட்டது.

நிறுத்திவிட்டார்கள்.

சந்தின் இரண்டு பக்கமும் ஆட்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மதினியின் கட்டிலைத் தூக்கி வாசலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். பெட்டியிலிருந்த சேலையைக் கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாண்டியண்ணன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வா மாப்ள. எங்க மத்த ஆளுக?”

பெட்டியை மதினியிடம் நீட்டினேன்.

“என்ன தம்பி இது?”

“கேக். சபையில குடுத்து விட்டாங்க.”

“கேரலு?”

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்கள் எல்லாம் எங்கே போயினவோ. “வண்டி இந்தச் சந்துக்குள்ள நுழையாதாம் மதினி” என்றேன்.

பாண்டியண்ணனின் மனைவி மதினியைப் பார்த்தார். மதினி என் பனியனைப் பார்த்தார்.

“இயேசுவப் பெத்தவளுக்குச் சத்திரத்துலயே எடமில்ல. இவுகளுக்கு வண்டி நுழைய எடம் வேணுமாக்கும்” என்றார். அழுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை. எரிச்சல்தான் இருந்தது, எனக்கு இருந்த அதே எரிச்சல். “சரி. நீங்க கேரல்தான? நீங்க பாடுங்க.”

“நானா?”

“பின்ன, நானா? பனியன் யாரு போட்டிருக்கா?”

“மாப்ள, எத்தனை தறி நிக்கிது தெரியுமா? எதையாச்சும் பாடு” என்றார் பாண்டியண்ணன்.

அத்தனை வாசல்களும் என்னைப் பார்த்தன. காது சூடானது. தெரிந்த பாட்டுகள் எல்லாம் மறந்துபோயின. கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ ஒன்றை எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில். இரண்டாம் அடியில் குரல் கிழிந்தது.

“நிறுத்துங்க தம்பி” என்றார் மதினி. “பால்காரரு கூப்பிடுறாருன்னு ஆளுக சொம்போட வந்துருவாக.”

சந்தே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மதினி தலையணையை முதுகுக்கு இழுத்து வைத்துக்கொண்டு, அதே பாட்டைக் கீழிருந்து எடுத்தார்.

தறிச் சத்தத்தின் மேல் பேசிப் பழகிய குரல். தறி இல்லாத சந்தில் அது எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று அதுவரை யாருக்குமே தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. தகரக் கூரைகள் அதிர்ந்தன. சந்துக்கு வெளியே போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்தக் குரலுக்குள் ஒளிந்துகொண்டு நானும் பாடினேன். நிஜமாகவே வாய் திறந்து பாடினேன். பாண்டியண்ணனின் மனைவி தாளம் தட்டினார். தாளம் தறியின் தாளம்தான், பாட்டுக்கு அது பொருந்தவில்லை. பாட்டு அதற்குப் பொருந்திக்கொண்டது.

முடிந்தது.

“அம்புட்டுத்தானா?” என்றார் பாண்டியண்ணன். “இதுக்கா இத்தனை பேரு தறிய நிப்பாட்டுனோம்? நிப்பாட்டுனது நிப்பாட்டியாச்சு, இன்னொன்னு பாடு தங்கச்சி.”

பாடினார். மூச்சு வாங்க வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தெரிந்ததையெல்லாம் பாடினார். எதிர்வீட்டு ஆயிஷாம்மா கேக்கை அறுத்து எல்லோருக்கும் கொடுத்தார். நல்ல கேக்தான், அதைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் மதினி கண்ணை மூடி ஜெபம் செய்தார். தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. தறிகளுக்காகவும், நூல் விலை ஏறாமல் இருக்கவும், அந்த வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் பெயர் சொல்லியும் கேட்டார். பெயர் வந்தபோது ஒவ்வொருவரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் டேவிட்ராஜ் அழைத்தான். கை பட்டு போனில் ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

“அண்ணே, செல்லூர் மெயின் ரோட்டுக்கு வந்துட்டோம்ணே. வண்டி இங்கதான் நிக்கிது. அக்காவ ஒரு சேர்ல உக்கார வச்சு இங்க தூக்கிட்டு வந்துருங்க. புகை போட்டு எடுத்தா வீடியோ சூப்பரா வரும்ணே. ரெடியா?”

நான் மதினியைப் பார்த்தேன். வியர்த்திருந்தது. கனகாம்பரம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவர் போனைப் பார்த்தார், பிறகு சந்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இப்போது எரிச்சல் கூட இல்லை.

“கேரல் வந்துட்டுப் போயிருச்சுன்னு சொல்லுங்க தம்பி” என்றார்.

அப்படியே சொன்னேன். வாழ்நாளில் நான் போட்ட பெரிய சத்தம் அதுவாகத்தான் இருக்கும். அதற்குள் பாண்டியண்ணன் தறியை ஓட விட்டிருந்தார்.